அரசாங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறக்கட்டும்
(உட்லண்ட்ஸில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)



உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதைக் கையில் வாங்கும் வழியும் இருக்க வேண்டும். இதைத் தோட்டத் தொழிலாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. செக்ரோலில் இருந்த பெயர் நம்முடையது. எழுதியிருந்த மொழியோ நமக்குத் தெரியாதது. என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்த தலைமுறையின் மக்கள் நாம்.

மண்டாய், செம்பவாங் பக்கங்களில் இருந்த ரப்பர்க் காடுகள் மறைந்துவிட்டன. இன்று உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அரசாங்க ஆபீசும் இடம் மாறிவிட்டது: அது நம் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2003இல் தொடங்கிய சிங்பாஸ், 2018 முதல் கைப்பேசிச் செயலியாகவும் வந்தது. 1955இல் ஏற்பட்ட மத்திய சேமநிதியின் கணக்கை இன்று சிங்பாஸ் வழியே பார்க்கிறோம். சிடிசி பற்றுச்சீட்டை அதன் வழியே பெறுகிறோம். இதோ, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 2024 மார்ச் 19 முதல் காரில் வருவோர் கடப்பிதழைக் கொடுப்பதற்குப் பதிலாகக் கியூஆர் குறியைக் காட்டலாம்.

நல்லது. வரிசை குறைகிறது, நேரம் மிச்சமாகிறது, நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம்: கண் தெரியாதவர் இந்த ஆபீசுக்குள் எப்படி நுழைவார்? காது கேளாதவர், விரலை இழந்தவர், கை நடுங்குகிறவர் எப்படி நுழைவார்?

கண் தெரியாதவரால் கைப்பேசியைப் பயன்படுத்த முடியாது என்று எண்ணாதீர்கள். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். கணினிக்கு என்விடிஏ என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழ்க் குரலும் உண்டு. கருவி இருக்கிறது. குறை எங்கே வருகிறது என்றால், பக்கத்தை அமைப்பவர் அந்தக் கருவிக்கு இடம் வைக்காதபோது வருகிறது.

ஓர் அறிவிப்பை எழுத்தாகப் போட்டால் கருவி படிக்கும். அதையே படமாகப் போட்டு, விளக்கம் எழுதாமல் விட்டால், "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். பொத்தானுக்குப் பெயர் வைக்காவிட்டால் "பொத்தான், பொத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எது அனுப்புவது, எது அழிப்பது என்று கேட்பவர் எப்படி அறிவார்? காணொளியில் எழுத்து வரி இல்லையென்றால் காது கேளாதவருக்கு அது ஊமைப்படம். வெள்ளைத் தாளில் வெளிறிய சாம்பல் எழுத்தென்றால் வயதானவர் கண்ணுக்கு அது வெறும் தாள்.

தமிழுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய எழுத்துரு முறைகளில் அச்சடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். படிக்கும் கருவிக்கோ ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தெரியும். யூனிகோடு முறையில் எழுதினால்தான் கருவி தமிழைத் தமிழாகப் படிக்கும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆகவே ஆங்கிலப் பக்கம் பரீட்சையில் தேறினால் போதாது. தமிழ்ப் பக்கமும் தேற வேண்டும்.

இது தருமம் கேட்பதல்ல, தோழர்களே! உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் உறுதிசெய்தன. செய்தியும் தொழில்நுட்பமும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது அதன் 9ஆம் விதி. மக்கள் அதிகம் நாடும் அரசாங்க இணையத்தளங்கள் அனைத்தும் 2030க்குள் உடற்குறையுள்ளோருக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று சிங்கப்பூரின் 2030 பெருந்திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

"எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறதே, எனக்கென்ன?" என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு இந்தியாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். வங்கிக் கணக்குத் திறக்க, கைப்பேசியின் முன் கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். அமிலவீச்சில் முகம் சிதைந்த பெண்ணால் எப்படிச் சிமிட்ட முடியும்? உயிரோடு இருப்பதைக் காட்ட அவருக்கு வழியில்லாமல் போயிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரல் 30இல் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள்: இணைய வசதிகள் எட்டுவது, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது. இருபது கட்டளைகளையும் பிறப்பித்தார்கள்.

இப்போது உங்கள் கைகளைப் பாருங்கள். உளி பிடித்துக் காய்த்த கை. பாலும், பாலை உறையவைக்கும் அமிலமும் பட்ட கை. உழைக்கும் கையில் ரேகை தேயும். ரேகையை மட்டுமே நம்பும் கருவி, உழைத்தவனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும்! வேறு வழியும் வைக்க வேண்டும் என்பது, சிமிட்ட முடியாத பெண்ணுக்கும் ரேகை தேய்ந்த தொழிலாளிக்கும் பொதுவான கோரிக்கை. முதுமையோ யாரையும் விடாது. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார்.

சிலருக்காக இவ்வளவு செலவா என்பார்கள். கட்டடங்களில் தடையில்லா வழி வேண்டும் என்று 1990இல் சிங்கப்பூர் விதி வகுத்தபோது, சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் வந்தது. இன்று அதில் யார் போகிறார்கள்? குழந்தை வண்டி தள்ளும் தாய் போகிறாள். சாமான் வண்டி இழுக்கும் தொழிலாளி போகிறான். கட்டும்போதே சாய்தளம் வைத்தால் செலவு குறைவு. கட்டி முடித்த பிறகு இடித்து வைத்தால் செலவு அதிகம். இணையத்தளமும் அப்படித்தான்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று, எந்த அறிவிப்பும் படமாக மட்டும் வரக்கூடாது. எழுத்தாகவும் வர வேண்டும், தமிழிலும் அப்படியே. இரண்டு, புதுச் செயலியை வெளியிடுமுன் கண் தெரியாதவரும் காது கேளாதவரும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; அந்த வேலைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். மூன்று, முகம், விரல் ஆகியவற்றில் ஒன்று தவறினால் இன்னொரு வழி இருக்க வேண்டும். நான்கு, ஆள் உட்காரும் முகப்பை மூடக்கூடாது. கைப்பேசி இல்லாதவருக்குச் சமூக மன்றத்தில் சிடிசி பற்றுச்சீட்டைத் தாளில் அச்சிட்டுத் தருகிறார்களே, அது நல்ல முன்மாதிரி.

நம் பங்கும் உண்டு. கிளைகளின் சுற்றறிக்கையைப் புகைப்படமாக மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புவோம். கிராணிமார்கள் தட்டச்சு அறிந்தவர்கள். அவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் பேசவில்லை என்று உறுப்பினர் சொன்னால், நாளும் நேரமும் குறித்துச் சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு எழுதுவோம். பொதுவாக முணுமுணுத்தால் பதில் வராது. குறிப்பாக எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும். படிக்க முடிந்தும் கதவு திறக்காத காலம் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டாம். வரி கொடுப்பவர் எல்லோரும். வாசலும் எல்லோருக்கும் திறக்க வேண்டும்.