விமான நிலையத்தில் ஒரு நந்தவனம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் பேராசிரியர்களும் புலவர் பெருமக்களும் பேசக் கேட்டுக் கடைசி வரிசையிலிருந்து கைதட்டியவன் நான். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இக்கரக்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ரயில்வே குமாஸ்தாவாகக் காகிதக் கட்டுகளோடு காலங் கழிப்பவனுக்குச் சொற்பொழிவு ஏது? ஆயினும் நம் காரியதரிசி அவர்கள் விடவில்லை. "சிங்கப்பூர் சென்று வந்தீரே, கண்டதைச் சொல்லும்" என்றார். அங்கே கண்டவை பல. அவை எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் சாப்பாட்டுப் பந்தி தாமதமாகிவிடும். ஆகையால் ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அது ஆறு மணி நேரம் நான் அமர்ந்திருந்த ஒரு தோட்டம். அத்தோட்டம் இருப்பது ஒரு விமான நிலையத்துக்குள்ளே!

முதலில் நான் ஏன் அங்கே சென்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தமக்கை தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வாழ்பவர். அவருடைய மகன் 2018ஆம் ஆண்டு கட்டட வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றான். அன்று அவனை வழியனுப்ப வந்த என் தமக்கை, விமான நிலையத்தின் வாசலுக்கு வெளியே, வெயிலில், இரும்புத் தடுப்புக்கு இப்பால் நின்றார். பிரயாணச் சீட்டு இல்லாதவர் உள்ளே செல்லலாகாது என்பது விதி. மகன் உள்ளே நுழைந்தான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. "அவன் திரும்பிப் பார்த்தானா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலைடா தம்பி" என்று பின்னர் எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் என் அத்தான் காலமானார். விமானங்கள் நின்றுபோன காலம் அது. கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஆயிரக்கணக்கான தொழிலாளரோடு விடுதிக்குள் அடைபட்டிருந்தான். இரண்டாண்டு கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காகப் பத்து நாள் வந்து சென்றான், அவ்வளவே. சென்ற 2024ஆம் ஆண்டு, "அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள் மாமா" என்று எங்கள் இருவருக்கும் சீட்டு எடுத்து அனுப்பினான். நான் அலுவலகத்தின் அனுமதி பெற்று, ஹௌரா-திருச்சி வண்டியில் ஊர் சென்று, அக்காவுடன் விமானம் ஏறினேன்.

ஐந்து நாள் தங்கினோம். மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. அந்த ஞாயிறே நாங்கள் திரும்பும் நாளாகவும் அமைந்துவிட்டது. இரவுதான் விமானம் என்றாலும், நண்பகலிலேயே எங்களை மூட்டை முடிச்சோடு புறப்படச் செய்தான். "இவ்வளவு சீக்கிரம் அங்கே போய் என்னப்பா செய்வது?" என்று கேட்டேன். "வாருங்கள் மாமா, உட்கார இடம் இருக்கிறது" என்றான்.

லிட்டில் இந்தியாவிலிருந்து சுரங்க ரயிலில் சென்று, எக்ஸ்போ என்னும் நிலையத்தில் வண்டி மாறி, சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தின் பெயர்ப் பலகையில் ஆங்கிலம், சீனம் இவற்றோடு நம் தமிழும் எழுதப்பட்டிருந்தது. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றல்லவா? இந்தி, வங்காளம், ஆங்கிலம் எழுதிய பலகைகளின் கீழே வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு அதைக் கண்டதும் ஒரு கணம் கால் நின்றுவிட்டது.

அங்கிருந்து நீண்ட பாலத்தின் வழியே நடந்து சென்றால் அந்தத் தோட்டம் வருகிறது. அதன் பெயர் ஜுவல், அதாவது அணிகலன். முன்னர் அவ்விடத்தில் முதலாம் முனையத்துக்கு வருவோர் மோட்டார் வண்டிகளை நிறுத்தும் திடல் இருந்ததாம். மோஷே சாஃப்டி என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி, 170 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில் எழுப்பி, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தரைக்கு மேல் ஐந்து அடுக்கு, கீழே ஐந்து அடுக்கு.

அன்பர்களே! ஒரு பெரிய உளுந்து வடையைக் கண்ணாடியால் செய்து கவிழ்த்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் அதன் கூரை. குறுக்கே 200 மீட்டர் அகலம். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகளை இரும்புச் சட்டங்களில் பொருத்தியிருக்கிறார்கள். வடையின் நடுவில் துளை உண்டல்லவா? அந்தத் துளையின் வழியே தண்ணீர் கொட்டுகிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து, ஏழு மாடி உயரம், தங்குதடையின்றி விழுகிறது. கட்டடத்துக்குள் அமைந்த நீர்வீழ்ச்சிகளில் உலகிலேயே உயரமானது இதுவே. அதைச் சுற்றி, மலைச்சரிவுத் தோட்டம்போல் படிப்படியாக மரங்கள். 2,000-க்கு மேற்பட்ட மரங்களும் பனை வகைகளும், ஒரு லட்சத்தை எட்டும் செடி கொடிகளும் அங்கே உள்ளன. உள்ளே குளிர்ச்சி; ஆனால் கூரை வரையில் உள்ள காற்று முழுவதையும் குளிர்விப்பதில்லை. மனிதர் நடமாடும் தாழ்ந்த பகுதிக்கு மட்டும் குளிர்காற்று வருமாறு செய்திருக்கிறார்கள். சிக்கனம் அறிந்தவர்கள்!

நான் ரயில்காரன். ஆகையால் என் கண் முதலில் வேறொன்றின் மீது சென்றது. மரங்களுக்கு மேலே, நீர்வீழ்ச்சியின் பக்கமாக, ஒரு சிறு வண்டி ஓசையின்றி ஓடிச் சென்றது. ஒரு முனையத்திலிருந்து மற்றொரு முனையத்துக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் வண்டி அது. ஓட்டுநரும் இல்லை, கார்டும் இல்லை. நம் ஊர்க் கார்டு ஒருவர் அதைப் பார்த்தால், "பச்சைக்கொடியை யாருக்கு ஐயா காட்டுவது?" என்றுதான் கேட்பார்.

என் தமக்கையோ வண்டியைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரையே நெடுநேரம் பார்த்தார். காவிரிப் பாசனத்தில் நாற்று நட்டு வளர்ந்த கை அது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்த வாய் அது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஏன்டா தம்பி, இத்தனை தண்ணியும் எந்த வயலுக்குப் பாயுது?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். மருமகன் விளக்கினான். விழுந்த தண்ணீரையே குழாய் வழியே மீண்டும் மேலே ஏற்றி விழச் செய்கிறார்கள் என்றும், கூரைமீது பெய்யும் மழைநீரைச் சேமித்து அருவிக்கும் செடிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னான். "அப்ப வீணாகலை" என்று அக்கா தலையசைத்தார். அதன் பிறகே அந்த இடம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு செடியின் அடியில் விரலை விட்டு மண்ணின் ஈரத்தைச் சோதித்தும் பார்த்தார்.

அம்மரங்களின் வரலாறும் கேட்கத் தக்கது. பிரேசில், ஆஸ்திரேலியா, சீனா, ஸ்பெயின், தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தார்களாம். வந்தவுடனே நட்டுவிடவில்லை. முதலில் நாற்றுப்பண்ணையில் வைத்து அவ்வூரின் தட்பவெப்பத்துக்குப் பழக்கி, வேர் தாங்கும் என்று கண்ட பின்னரே இங்கு நட்டார்களாம். இதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது நம் கரக்பூர்தான். நம் பாட்டனார்களை அவ்வாறு பழக்கியவர் யார்? வண்டியை விட்டு இறங்கிய அன்றே வேலையில் நின்றார்கள். அவர்களுக்கு நாற்றுப்பண்ணையாக இருக்கட்டும் என்றுதானே இச்சங்கத்தைத் தோற்றுவித்தார்கள்!

இந்தத் தோட்டத்தில் நடக்கவும் அமரவும் கட்டணம் இல்லை. பிரயாணச் சீட்டும் கேட்பதில்லை. ஐந்தாம் அடுக்கில் மட்டும் கேனப்பி பார்க் என்று ஒரு விளையாட்டுப் பூங்கா உண்டு. 14,000 சதுர மீட்டர் பரப்புள்ளது. அங்கே சில பகுதிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும். குழந்தைகளே, இனி உங்களுக்காகச் சொல்கிறேன். அங்கே செடிவேலிகளால் அமைந்த சுற்றுவழி ஒன்று உண்டு. உள்ளே புகுந்தால் வெளியே வரும் வழி எளிதில் அகப்படாது. கண்ணாடிகளால் ஆன சுற்றுவழி இன்னொன்று. அதில் எதிரே வருபவர் யாரென்று பார்த்தால் நாமேதான்! பனிமூட்டம் எழும் பள்ளங்களில் மேகத்துக்குள் ஓடுவதுபோல் சிறுவர் ஓடுகிறார்கள். சறுக்கு மரங்கள் உண்டு. விலங்குகளின் உருவத்தில் கத்தரித்த செடிகள் உண்டு. 50 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் தரைக்கு 23 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. அதன் நடுப்பகுதியில் காலடியில் கண்ணாடி. நான் அதன்மீது எவ்வாறு நடந்தேன் என்பதை மருமகன் படம் எடுத்திருக்கிறான். அதை இங்கே காட்டப் போவதில்லை.

எல்லாவற்றிலும் விசேஷமானது வலைதான். மீன் வலையைப்போல் உறுதியான வலையை உயரத்தில் இழுத்துக் கட்டி, நடப்பதற்கு ஒன்றும் குதிப்பதற்கு ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். நடக்கும் வலை 250 மீட்டர் நீளம். அக்கா அதன் அருகிலும் வர மறுத்துவிட்டார். எனக்கோ பாலத்தோடு வீரம் தீர்ந்துவிட்டது. "நீ போய் வாப்பா" என்று மருமகனை அனுப்பினோம். "எனக்கு எதற்கு மாமா, நான் பார்த்தாயிற்று" என்றான். அது உண்மையன்று. ஆறு ஆண்டுகளாக அந்நகரத்தில் கட்டடம் கட்டுகிறவன் இப்பூங்காவின் சீட்டை அன்றுதான் முதன்முதலாக வாங்கினான் என்பது பின்னர் அவன் வாயாலேயே வெளிவந்தது.

அக்கா அதட்டவே, சென்றான். முதலில் கூச்சத்தோடு நின்றான். சுற்றிலும் சீனக் குழந்தைகளும் மலாய்க் குழந்தைகளும் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் இவன் கையைப் பிடித்து இழுத்தான். இவனும் ஒரு குதி குதித்தான். பிறகு மற்றொன்று. பிறகு நிறுத்தவே இல்லை. விழுந்தான், எழுந்தான், வாய்விட்டுச் சிரித்தான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. குடும்பத்தின் கடனை அடைத்தவன். தங்கையின் கல்யாணத்தை நடத்தியவன். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க இயலாமற் போனவன்.

"வைக்கோல் போர்ல ஏறிக் குதிப்பானே, அதே குதி" என்றார் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தான் இறந்தபோது ஊரே கூடி அழுதது. ஆனால் தாயும் மகனும் ஒருங்கே அமர்ந்து அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. அவன் கல்யாணத்துக்கு வந்த பத்து நாளும் பந்தலிலும் பந்தியிலுமே கழிந்தன. இங்கே, பல்லாயிரம் அந்நியர் நடுவில், அவர்கள் இருவரும் ஒரு கல்திண்ணையில் அமர்ந்து, அத்தானைப் பற்றி அமைதியாகப் பேசினார்கள். நான் சற்றுத் தள்ளி நடந்து மரங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டியதும் நீர்வீழ்ச்சியின்மீது வண்ண ஒளி பாய்ந்தது. இசை எழுந்தது. அதைப் பார்த்த பின்னர்ப் புறப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தோம். இம்முறை உள்ளே செல்பவர் தாய். வெளியே நிற்பவன் மகன். அக்கா மூன்று முறை திரும்பிப் பார்த்தார். மூன்று முறையும் அவன் அங்கேயே நின்று கையசைத்தான். விமானத்தில் அமர்ந்ததும், "இந்தத் தடவை முகத்தைப் பார்த்துட்டேன்டா தம்பி" என்றார். பிறகு உறங்கிவிட்டார்.

பெரியோர்களே! அந்தத் தோட்டத்தால் பிரிவு நீங்கிவிடவில்லை. மறுநாள் அவன் வேலைக்குச் சென்றான். நாங்கள் ஊர் வந்தோம். ஆனால் பிரிவதற்கு முன் அமர்வதற்கு ஓர் இடம் கிடைத்தது. பிரயாணிக்கு மட்டுமே நிலையம் என்று நாம் எண்ணுகிறோம். பிரயாணி வண்டியில் ஏறிப் போய்விடுகிறான். வழியனுப்ப வந்தவரல்லவா அங்கே நிற்கிறார்? அவருக்கும் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், கண்ணுக்குப் பச்சை வேண்டும். அவர் கையைப் பிடித்து வந்த குழந்தைக்கு விளையாட்டு வேண்டும். இதை அறிந்து கட்டியதுதான் அவ்விடத்தின் பெருமை என்று நான் கருதுகிறேன். நம் நாட்டிலும் இந்த எண்ணம் தோன்றாமல் இல்லை. பெங்களூர் விமான நிலையத்தில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் திறப்பு விழா கண்ட இரண்டாம் முனையத்தைத் தோட்டத்துக்குள் முனையம் என்றே அமைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து செடிகள் தொங்குகின்றன.

170 கோடி டாலருக்கு நாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமே. ஆனால் நம் கரக்பூரை எண்ணிப் பாருங்கள். 1,072 மீட்டர் நீளமுள்ள நம் பிளாட்பாரம் ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது. 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் அதை முந்திவிட்டன. முந்தட்டும்! அந்த நீளம் முழுவதிலும் கோரமண்டல் வண்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நின்ற தாய்மார்கள் இச்சபையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! வண்டி மூன்று மணி தாமதம் என்றால் பேரக்குழந்தைகளோடு எங்கே அமர்ந்தீர்கள்?

நம் சங்கக் கட்டடத்தின் பின்னே ஒரு வெற்றுத் திடல் கிடக்கிறது. உடைந்த நாற்காலிகளும் சென்ற ஆண்டு விழாவின் மூங்கிலும் அங்கே கிடக்கின்றன. அதைச் சுத்தம் செய்து, ஒரு புங்கும் ஒரு பூவரசும் நடுவோம். ஓரத்தில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைப்போம். நான்கு கல்திண்ணை, ஓர் ஊஞ்சல், ஒரு தண்ணீர்க் குழாய்; இவ்வளவே போதும். தமிழர்க்கு மட்டும் என்று பலகை மாட்ட வேண்டாம். வண்டிக்குக் காத்திருக்கும் வங்காளியும் தெலுங்கரும் பீகாரியும் வந்து அமரட்டும். வழியனுப்ப வந்தவர் எவராயினும் அவர் நம் விருந்தாளி.

இதைத் தீர்மானமாக ஏற்குமாறு நிர்வாகக் குழுவை வேண்டிக்கொள்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விடும்; ஆறு மணிக்கு வாளியோடு வந்துவிடுவேன்.