மகாசபையில் கணக்கு வாசிக்கும் முறை

சங்கத்தின் கணக்குப் புத்தகம் காரியதரிசியின் பெட்டியில் இருக்கிறது; கணக்கோ அங்கத்தினர் எல்லோருக்கும் உரியது. 1904ஆம் வருஷம் இந்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே வருஷத்தில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமச் சங்கம் ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள 1983ஆம் வருஷத்துச் சட்டப்படியும் சங்கத்தின் மேலான அதிகாரம் மகாசபையைச் சார்ந்ததே.

ஆனால், கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயியாயினும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மரவள்ளி விவசாயியாயினும், கணக்கு விளங்காதவரிடம் அவ்வதிகாரம் இருந்து யாது பயன்? வாசிக்கத் தெரியாத அங்கத்தினருக்குக் காதே கண். காரியதரிசி மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்ட வாயாலேயே "நிறைவேறிற்று" என்று சொல்லிவிட்டால், அந்தக் கண் மூடப்பட்டதாகும்.

பாக்கிக்காரர் ஒருவரைப் பற்றிய உத்தரவில் நான்கே வார்த்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "தவணை கொடுக்க வேண்டாம் ஜப்தி." 'கொடுக்க' என்பதன்பின் நிறுத்தினால், தவணை கிடைக்கிறது, ஜப்தி நீங்குகிறது. 'வேண்டாம்' என்பதன்பின் நிறுத்தினால், தவணை போகிறது, ஜப்தி வருகிறது. வார்த்தை மாறவில்லை, நிறுத்தம் மாறிற்று. ஒரு குடும்பத்தின் நிலம் அந்த நிறுத்தத்தில் நிற்கிறது.

கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வகுத்தது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. ஓர் எழுத்துக்கே கால அளவு வைத்த மொழியில், ரூபாய்க் கணக்கை அளவின்றி ஓட்டலாமா?

ஆகையால் காரியதரிசிகள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, முழுவதையும் இழுத்து வாசிக்க வேண்டுவதில்லை. அப்படிச் செய்தால் சபை தூங்கிவிடும். வழக்கமான வாசகத்தைச் சாதாரணமாக வாசித்து, தொகை, வட்டி, தவணைத் தேதி ஆகிய இடங்களில் மட்டும் நிதானிக்க வேண்டும். இரண்டாவது, ஒரு தொகையைச் சொன்னபின் கேட்பவர் மனக்கணக்குப் போட அவகாசம் தரவேண்டும். "கடன் ரூ. 20,000, நூற்றுக்கு வருஷ வட்டி ரூ. 7" என்று சொல்லிச் சற்று நின்றால், ரூ. 1,400 என்பதை அங்கத்தினரே கண்டுகொள்வார். பிறகு காரியதரிசியும் அதையே சொல்லும்போது நம்பிக்கை பிறக்கும். மூன்றாவது, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டபின் மெய்யாகவே காத்திருக்க வேண்டும். ஓடைக்கு அப்பால் நிற்பவனைக் கூப்பிடுகிறவன் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் பதில் வருமட்டும் நிற்கிறான் அல்லவா? கூச்சமுள்ள அங்கத்தினர் எழுந்து வாய் திறப்பதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும்.

அங்கத்தினருக்கும் ஒரு கடமை உண்டு. கணக்கு விளங்காதபோது, "ஐயா, அந்த இடத்தை மறுபடியும் நிறுத்தி வாசியுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நேர்மையான காரியதரிசி அதைக் கேட்டு மகிழ்வார். அடுத்த மகாசபையில் ஒருவராவது அப்படிக் கேட்பாராக!