பிள்ளையின் இலையும் அரசின் பேரேடும்

(திருவொற்றியூர்த் தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலுக்கும் ஆலைக்கும் பெற்றோர் விடியுமுன்னே புறப்பட்டுவிடும் ஊர் இது. வெறுவயிற்றோடு அமரும் பிள்ளையின் கண்ணில் எழுத்து நிற்பதில்லை என்பதைக் கரும்பலகை முன் நின்ற யான் நன்கறிவேன். ஆதலின், ஏழைக் குழந்தைகட்குரிய பொருளை அரசுகள் குறைக்குங்கால் எழும் சொற்போரைப் பற்றிச் சில சொல்வேன்.

நம் அண்டையில், வண்ணாரப்பேட்டையில், பிட்டி. தியாகராயர் பெயர் தாங்கிய கல்லூரியை அறிவீர்கள். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்க வழிசெய்தார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகட்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. ஆயினும், தொடக்கக் கல்விக்குரிய பணத்தில் உணவுச் செலவு கூடாதென அன்றைய அரசு தடுத்ததால், 1925 ஏப்பிரல் முதல்நாள் அது தடையுற்றது. பிள்ளைக்கோ வயிற்றில் பசி. அரசோ பேரேட்டில் தலைப்பைத் தேடியது! ஈராண்டு கழித்தே சிற்றுண்டி மீண்டது.

2015-16இல், பால்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சிப் பணிக்கு ஒன்றிய அரசின் ஒதுக்கீடு, 18,000 கோடி உருபாவுக்கு மேலிருந்து 8,300 கோடி அளவாகக் குறைக்கப்பெற்றது. ‘மாநிலங்களின் வரிப்பங்கை 32 விழுக்காட்டினின்று 42ஆக உயர்த்தினோம்; அவை பார்த்துக்கொள்ளட்டும்’ என்றனர். அவ்வழக்கில் ஓரளவு முறை உண்டு. ஆனால், பொதுப்பங்காக வரும் பணம் குழந்தைக்கே சேருமென்பதற்கு எவர் பொறுப்பு? அத்துறை அமைச்சர் மேனகா காந்தியே கூடுதல் பொருள் வேண்டுமென வற்புறுத்த நேர்ந்தது.

2024-25இல், புதிய கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பமிடவில்லை என்பதால், பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி உருபாவை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மும்மொழியை மறுப்பது நம் உரிமை. அம்மறுப்புக்குத் தண்டம் இறுத்தவர் எவர்? அமைச்சரல்லர், யானுமல்லேன். உடற்குறையுற்ற பிள்ளைகட்குச் சிறப்புப் பயிற்றுநரை அமர்த்தும் பணமும் அத்திட்டத்தில் அடக்கம்!

இம்மூன்றிலும், ‘பிள்ளைக்கு வேண்டா’ என்று எவரும் சொல்லவில்லை. எவர் கணக்கில், எக்கட்டுப்பாட்டில் என்றே வழக்காடினர். வாக்குச்சீட்டு இல்லாதவன் இலையே முதலில் வறள்கிறது.

அரசுகள் வழக்காடட்டும், முடிவு வரும்வரை பிள்ளையின் பங்கு நிற்கலாகாது. மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் இது பொருந்தும். நாமும் திங்கட்கொருமுறை நம் தெருப்பள்ளியில் அடுப்பெரிகிறதா என்று சென்று பார்ப்போம். தமிழ் வாழ்கவென முழங்கும் வாய், தமிழ்ப் பிள்ளையின் வாய்க்கும் பரிந்து பேசுக!