ஆறு விசில், ஒரு நிமிட மௌனம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பழைய கதையெல்லாம் வேண்டாம் சார், எங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்று மாணவர் செயலாளர் கேட்டுக்கொண்டார். கல்லூரி மலையேற்றக் குழுவில் நிறையப் பேர் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் ஒன்றை மட்டும் பேசுகிறேன்: மலையில் ஒருவருக்கு அடிபட்டால் உதவியை எப்படி அழைப்பது?

2022 பிப்ரவரி 7. பாலக்காடு மாவட்டம் மலம்புழாவுக்கு அருகே ஒரு மலை. நண்பர்களோடு ஏறிய இளைஞர் ஒருவர் கால் தவறி, செங்குத்துப் பாறையின் இடுக்கில் மாட்டிக்கொண்டார். காலில் அடி. நண்பர்களால் எட்ட முடியவில்லை. அவர் செல்போனில் தான் இருந்த இடத்தைப் படம் எடுத்துக் கீழே அனுப்பினார். ஹெலிகாப்டர் வந்தும் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் 9ஆம் தேதி காலையில் கயிறு கட்டி அவரை மீட்டார்கள். இடம் தெரிந்தே இத்தனை நேரம் ஆச்சுன்னா, இடமே தெரியாட்டா என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

போன் இருந்தால் 112. உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் இந்த அழைப்பு போகும். எடுத்தவுடன் இடத்தைச் சொல்லுங்கள். காயம், எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம். பாதியில் லைன் கட்டானாலும் இடமாவது போய்ச் சேர்ந்திருக்கும். பேச முடியாத இடத்தில் சில சமயம் குறுஞ்செய்தி போகும். ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்து வையுங்கள்.

போனே எடுக்கவில்லையா? விசில் இருக்கிறது. கத்தினால் அரை மணியில் தொண்டை கட்டிவிடும். விசிலுக்குத் தொண்டை கட்டாது! ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் முறை இது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, அதாவது பத்து விநாடிக்கு ஒன்று. பிறகு ஒரு நிமிடம் மௌனம். மறுபடி ஆறு. பதில் தருபவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதுவார். அந்த மௌனத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். பதில் காதில் விழ வேண்டாமா? ராத்திரியில் டார்ச் விளக்குக்கும் இதே கணக்குதான். பதில் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஆட்கள் வந்து சேரும்வரை ஊதுங்கள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வரணும்.

ஹெலிகாப்டர் வந்தால் ஒற்றைக் கையை ஆட்டாதீர்கள். டாட்டா காட்டுவதாக நினைத்துப் போய்விடலாம்! இரண்டு கைகளையும் மேலே விரித்து, ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல நில்லுங்கள். 'ஆமாம், உதவி வேண்டும்' என்று அர்த்தம்.

நெருப்பு மூட்டிப் புகை காட்டலாம் என்று சில புத்தகங்களில் இருக்கும். குளிர்நாட்டுக்கு அது சரி. நம் மலைகளில் மாசி, பங்குனியில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதை மறக்கக் கூடாது. கோடையில் நெருப்பு வேண்டவே வேண்டாம். பளிச்சென்ற துணியைத் திறந்த பாறையில் விரியுங்கள். கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுங்கள்.

அடிபட்டவரைத் தனியே விடாதீர்கள். நாலு பேர் இருந்தால் இரண்டு பேர் இறங்கட்டும், ஒருவர் கூடவே இருக்கட்டும். இறங்குபவர்கள் இடத்தையும் காயத்தையும் சீட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். பதற்றத்தில் வாய்வார்த்தை மாறும், எழுத்து மாறாது.

இன்னொன்று. வனத்துறை அனுமதியோடு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதிக் காப்பாளரிடமோ வீட்டிலோ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், நீங்கள் ஊதாமலேயே தேடல் தொடங்கிவிடும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கேடயம், பொன்னாடைச் செலவில் கொஞ்சம் ஒதுக்கி, மலையேற்றக் குழு மாணவர்களுக்கு ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுப்போம். பையின் அடியில் அல்ல, கழுத்தில் மாட்டிக்கொள்ள. அதை ஊத வேண்டிய நாள் யாருக்கும் வர வேண்டாம் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.