செயலியையும் அட்டை பார்த்து வாங்குங்கள்

(ஆலங்குளம் வட்டார விவசாயிகளுக்காக வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் வானொலியில் ஆற்றிய உரை)

ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் வானொலி மூலமாகப் பரவியதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேடியோ சேதியைத்தான் சொல்லிற்று, விதையைக் கொடுக்கவில்லை. சேதி வருகிற இடம் ஒன்று, விதை வாங்குகிற இடம் வேறொன்று. இன்றைக்கு நான் பேச வந்திருக்கிற விஷயத்துக்கும் இது அப்படியே பொருந்தும். டேப்லெட்டில் செயலியை, அதாவது ‘ஆப்’ என்கிறோமே அதை, எங்கிருந்து இறக்குவது, எப்படிப் பதிவது என்பதே இன்றைய பேச்சு.

டேப்லெட் என்றதும் காய்ச்சல் மாத்திரையை நினைக்க வேண்டாம். சிலேட்டுப் பலகை அளவில் இருக்கும் செல்போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாடம் படிக்க வாங்கிய டேப் பல வீடுகளில் சும்மாதான் கிடக்கிறது. எழுத்து பெரிதாகத் தெரிவதால், கண்ணாடி போட்ட பெரியவர்களுக்குச் செல்போனைவிட அது வசதி.

அதை வைத்து என்ன செய்யலாம்? தமிழ்நாடு அரசு 2018 ஏப்ரல் மாதம் ‘உழவன்’ செயலியைத் தொடங்கியது. தமிழிலேயே பார்க்கலாம். மானியத் திட்டங்கள், உர இருப்பு, விதை இருப்பு, வாடகை இயந்திரங்கள், பயிர்க் காப்பீடு, மார்க்கெட் விலை, வானிலை ஆகிய விவரங்களுக்காக ஏற்பட்டது அது. சொசைட்டியில் யூரியா இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம். விலை விஷயத்தில் மட்டும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். செயலியில் விலையைப் பார்த்த கையோடு கத்தரிக்காயை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கோ ஆலங்குளம் மார்க்கெட்டுக்கோ ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள். காலையில் இருந்த விலை மதியம் இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

மழைக்கு ‘மேகதூத்’ என்று ஒன்று உண்டு. இடி மின்னலுக்கு ‘தாமினி’. கோடை மழை நேரத்தில் வெட்டவெளியில் ஆடு மேய்க்கிறவர்கள் இந்தத் தாமினியை அவசியம் வைத்திருக்க வேண்டும்.

சரி, இவற்றை எப்படி ஏற்றுவது? டேப்புக்கு முதலில் இணையம் வேண்டும். சிம் போடாத டேப் என்றால், உங்கள் செல்போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து அதோடு இணைத்துக்கொள்ளலாம். அடுத்தது ஒரு கூகுள் கணக்கு. பேரன் பேரில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதன் கடவுச்சொல் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பேரன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான், டேப் பூட்டிக்கொண்டது என்றால் சங்கடம். பிறகு திரையில் முக்கோணப் படம் போட்ட ‘ப்ளே ஸ்டோர்’ இருக்கும். அதைத் தொட்டு, மேலே தேடுகிற கட்டத்தில் ‘உழவன்’ என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் மைக் படத்தைத் தொட்டு வாயாலேயே சொல்லலாம், அது புரிந்துகொள்ளும்.

இப்போது நாலைந்து பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

விதை வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? பையில் நீல அட்டை இருந்தால் சான்று பெற்ற விதை. வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை. அட்டையில் ரகம், குவியல் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அட்டை இல்லாத பையை முன்பின் தெரியாதவன் தெருவில் வைத்து விற்றால் வாங்குவோமா? செயலிக்கும் அட்டை உண்டு. அதன் பெயருக்குக் கீழே, அதை வெளியிட்டது யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அரசுச் செயலி என்றால் அங்கே அரசுத் துறையோ அரசு நிறுவனமோ இருக்க வேண்டும். யாரோ ஒரு தனி ஆளின் பெயரோ கேள்விப்படாத கம்பெனியோ இருந்தால், மேலே கோபுரப் படமும் சிங்க முத்திரையும் எத்தனை அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டிக் கேளுங்கள். சரி என்று தெரிந்த பிறகு ‘நிறுவு’ அல்லது ‘இன்ஸ்டால்’ என்ற பொத்தானைத் தொட்டால் அதுவே இறங்கிப் பதிந்துகொள்ளும். இடம் இல்லை என்று சொன்னால், தினமும் வந்து குவிகிற ‘காலை வணக்கம்’ படங்களையும் வீடியோக்களையும் அழியுங்கள். இடம் தானாக வந்துவிடும்.

பதிவு செய்யும்போது செல்போன் எண் கேட்கும். ஓ.டி.பி. எண் உங்கள் போனுக்கு வரும். அதைப் பார்த்து டேப்பில் உங்கள் கையாலேயே போடுங்கள். ஆகவே போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்கார வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் வந்தது. வருஷத்துக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. தவணை நெருங்குகிற சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு சேதி வரும். ‘உங்கள் தவணை நின்றுவிட்டது, உடனே இந்தச் செயலியை ஏற்றி விவரத்தைப் புதுப்பிக்கவும்’ என்று. கூடவே ஒரு கோப்பு. அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியும். தமிழ்நாடு போலீசின் சைபர் குற்றப் பிரிவு 2024-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

அந்தக் கோப்பைத் தொட்டால் என்ன நடக்கிறது? ‘தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கலாமா?’ என்று கருவியே ஒரு தடவை தடுத்துக் கேட்கும். அவசரத்தில் நாம் சரி என்று தட்டிவிடுகிறோம். அடுத்து, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் சரி. அவ்வளவுதான், கதவைத் திறந்துவிட்டாயிற்று. வங்கியிலிருந்து வருகிற ஓ.டி.பி. எண் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற திருடன் கண்ணில் பட்டுவிடும். அவன் உங்களுக்குப் போன் பண்ணி எண்ணைக் கேட்க வேண்டியதே இல்லை. 2000 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, வெங்காயம் விற்று வந்த பணமும், வீட்டுப் பெண்கள் பீடி சுற்றிச் சேர்த்த பணமும் ஒரே ராத்திரியில் போய்விடும்.

‘அனுப்பினது நம்ம அண்ணாச்சிதானே, அவரா ஏமாத்துவாரு?’ என்று நினைக்கத் தோன்றும். அண்ணாச்சி ஏமாற்றவில்லை. அவர் போனில் முதலில் புகுந்துகொண்ட அந்தச் செயலி, அவர் பெயரிலேயே அவருடைய குரூப்புகளுக்கெல்லாம் கோப்பை அனுப்பிவிடும். வாழைத்தோப்பில் ஒரு கன்றில் இருக்கிற முடிக்கொத்து நோயை அசுவினி அடுத்த கன்றுக்குக் கொண்டு போகிறதல்லவா, அந்த மாதிரி. கோப்பைத் திறக்காமல் அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டு, ‘நீங்களா அனுப்பினீங்க?’ என்று கேளுங்கள். அவருக்கும் அது உபகாரம்.

பி.எம். கிசானுக்கு உண்மையான செயலி ப்ளே ஸ்டோரில் இருக்கிறது. 2023 ஜூன் முதல் முகத்தைக் காட்டியே அதில் இ-கே.ஒய்.சி. முடிக்க வசதி செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்துதான் ஏற்ற வேண்டிய அவசியம் எதற்குமே கிடையாது.

ப்ளே ஸ்டோரில் இருந்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஐந்து நிமிஷத்தில் கடன் என்று கூப்பிடுகிற செயலிகளைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-இல் கடன் செயலிகள் சுமார் 1100 இருப்பதாகக் கண்டு, அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்றது. அந்த மாதிரிச் செயலிகள் உங்கள் போனில் உள்ள பெயர்களையும் போட்டோக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு உறவினருக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கும். பயிர்க்கடன் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, வங்கி இருக்கிறது. நடையாய் நடக்கவிடுகிறார்களே என்ற உங்கள் ஆத்திரம் நியாயம்தான். அதற்காக இந்தக் கிணற்றில் குதிக்கக் கூடாது.

ஒரு செயலி என்ன அனுமதி கேட்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வானிலைச் செயலி நீங்கள் இருக்கிற இடத்தைக் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஆலங்குளத்து மழையைச் சொல்ல ஆலங்குளம் என்று தெரிய வேண்டுமே. அதே செயலி எஸ்.எம்.எஸ்.ஸைக் கேட்டால் எதற்கு? மறுத்துவிடுங்கள்.

தவறி ஏற்றிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்க வேண்டாம். உடனே இணையத்தை நிறுத்துங்கள். வேறொரு போனிலிருந்து 1930 என்ற எண்ணையும், பிறகு உங்கள் வங்கியையும் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழி உண்டு. விடியட்டும் என்று காத்திருந்தால் கஷ்டம். அதன்பின் அந்தச் செயலியை நீக்கி, கடவுச்சொல், யு.பி.ஐ. எண் எல்லாவற்றையும் வேறு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

டேப்பும் வேண்டாம், செயலியும் வேண்டாம் என்கிற பெரியவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டருக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணிக்குள் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பதில் சொல்வார்கள். செயலி ஏற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் வேளாண் விரிவாக்க மையத்துக்கு வரும்போது டேப்போடு ஓ.டி.பி. வருகிற செல்போனையும், இரண்டிலும் சார்ஜ் ஏற்றி, கொண்டு வாருங்கள்.