நார்னிப் பாலம் இரண்டு



பிரெஞ்சு நாட்டு இயற்கைக் காட்சி ஓவியர் கமீய் கோரோவைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

அவர் 1796-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அன்னையார் மாதர் அணியும் தொப்பிகள் செய்து விற்கும் கடை நடத்தியவர். மகனும் வணிகனாக வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். கோரோ சில ஆண்டுகள் துணி வணிகரிடம் பணிபுரிந்தார், மனம் ஒட்டவில்லை. 26-ஆம் வயதில்தான், ஆண்டுதோறும் செலவுக்கு ஒரு தொகை தந்து, ஓவியம் பயிலத் தந்தையார் இசைந்தார்.

1825-இல் இத்தாலிக்குச் சென்றவர், அங்கே ஏறத்தாழ மூன்றாண்டுகள் தங்கினார். ரோமாபுரிக்கு வடக்கே நார்னி என்றோர் ஊர். அதன் அருகே, நேரா ஆற்றின்மீது, அகஸ்டஸ் காலத்துப் பாலமொன்று இடிந்து நிற்கிறது. 1826-இல் கோரோ அதனைக் காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். அகலம் ஒன்றரை அடிதான். கலங்கிய நீர், வெயில் படிந்த மணற்சரிவு, முறிந்த வளைவுகள், தொலைவில் நீல மலைகள். அவ்வளவே. வெயில் மாறுமுன் முடிக்க வேண்டுமே. ஆதலால் தூரிகை விரைந்து சென்றிருக்கிறது.

வெளியில் எழுதுவது வெறும் பயிற்சி, கண்காட்சிக்குரிய படத்தை அறைக்குள் அமைத்தெழுத வேண்டும் என்பது அக்கால மரபு. கோரோவும் அதற்குப் பணிந்தார். அதே பாலத்தை ஏறக்குறைய இரு மடங்கு நீள அகலத்தில் மீண்டும் எழுதி, பாரிஸில் 1827-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். இப்போது இடப்புறத்தில் குடைபோல் விரிந்த பைன் மரங்கள் முளைத்துவிட்டன! ஆடுகளும் மேய்ப்பரும் வந்து சேர்ந்தனர். சரிவு ஒழுங்கான பாதையாயிற்று. குறை சொல்ல இடமில்லாத படந்தான். ஆயினும் அந்த வெயிலை அதில் நான் காணவில்லை.

சிறிய படம் பாரிஸ் லூவர் காட்சிச்சாலையிலும், பெரியது கனடாவின் ஒட்டாவா நகரிலும் உள்ளன. இன்று பலரும் வியந்து போற்றுவது சிறியதையே. கோரோவுக்குப் பின்வந்த இளைஞர்கள் வெட்டவெளியில் நின்றே படத்தை முடிக்கத் துணிந்தார்கள்.

அரசாங்கம் அவருக்கு விருதளித்தது 1846-இல். அப்போது வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. 1875-இல் அவர் மறைந்தார்.

நானும் ஆசிரியனாயிருந்த காலத்தில், திருத்தியெழுதிய ஏட்டுக்கே மதிப்பெண் வழங்கியவன். மாணவரின் கரட்டு ஏட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை. உங்கள் நூலகத்தில் இவ்விரு படங்களின் அச்சுப் பிரதிகள் கிடைத்தால் அருகருகே வைத்து நோக்குங்கள். பெரிய படத்தின் பைன் மரங்களைக் கையால் மறைத்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.