வயரைக் காப்பது ஒன்று, உயிரைக் காப்பது வேறொன்று

(வீட்டு மின்சாரம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மின்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், தேக்கா பக்கம் ஒரு பழைய வீவக வீட்டுக்கு மின்விசிறி மாட்டப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் வீட்டுக்கார அம்மா, "தம்பி, இந்தக் கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியாது. இருந்தாலும் ஒரு பார்வை பாருங்கள்" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர். அங்கும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான், ஆகவே ஓடும். பிளக்தான் பொருந்தாது. அங்கே உருண்டைக் கால்கள், இங்கே தட்டைக் கால்கள். தெரிந்தவர் ஒருவர் பிளக்கை மாற்றிக் கொடுத்திருக்கிறார். திறந்து பார்த்தேன். சிவப்பு, கறுப்பு வயர்கள் சரியாக இருந்தன. பச்சை வயர் மட்டும் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. "அது இல்லாமலேயே ஓடுகிறதே" என்றாராம் மாட்டியவர்.

ஓடும், உண்மைதான். பச்சை வயர், அதாவது எர்த் வயர், இயந்திரத்தை ஓட்ட வந்ததல்ல. உள்ளே மின்சாரம் கசிந்து உலோக உடம்பில் ஏறினால், அதைப் பாதுகாப்பாகத் தரைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரக் கையோடு தொடுகிறவரின் உடம்பே வழியாகிவிடும்.

"பிளக்கில் ஃபியூஸ் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அது காப்பது வயரை. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடி வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் தடுக்கும். மெயின் பெட்டியிலுள்ள எம்சிபி சுவிட்சுகளின் வேலையும் அதுதான். ஃபியூஸின் அளவு 13 ஆம்பியர். மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

உயிரைக் காக்க வந்தது ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புது வீடுகளுக்கு இது கட்டாயம். அதற்கு முந்திய வீடுகள் பலவற்றில் இல்லை. அந்த அம்மா வீட்டிலும் இல்லை.

2020 டிசம்பரில் பிடோக் வட்டாரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மின்சாரம் தாக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வீட்டிலும் ஆர்சிசிபி இல்லை. 2023 ஜூலையில் சட்டம் திருத்தப்பட்டது. பழைய வீடுகளும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் அதைப் பொருத்தியிருக்க வேண்டும். பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்றிரவே மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். 'டி' என்ற எழுத்துள்ள சிறு பொத்தான் தென்படுகிறதா? மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டாலும், அப்படி ஒரு பொத்தானே இல்லாவிட்டாலும், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். பிளக்கோ அடாப்டரோ வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்சிசிபி இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு வயர்களையும் தொட்டால், கசிவு இல்லாததால் அதற்குத் தெரியாமல் போகலாம். ஆகவே எர்த் வயரும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும், நம் எச்சரிக்கையும் வேண்டும்.

அந்த அம்மா செருப்பின் தயவில் எத்தனை நாள் மாவு அரைத்தாரோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் சுருக்கென்றால் செருப்பைத் தேடாதீர்கள். இயந்திரத்தை விட்டுக் கையை எடுத்து, சுவிட்சை அணையுங்கள். பழுது பார்க்கும்வரை மீண்டும் போடாதீர்கள்.